கிளம்பி வா, சீரியஸ்

எங்கள் குடும்பத்தில் யாரும் தொலைபேசியில் செத்ததில்லை. அதற்கு முன்னால் தந்தியிலும் செத்ததில்லை. சீரியஸ் ஆவார்கள், அவ்வளவுதான். பம்பாயிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்கு 'அம்மா சீரியஸ், உடனே கிளம்பி வா' என்று சேதி போகும். அவன் பெட்டியைக் கட்டும்போதே அம்மாவைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருப்பார்கள். இது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். தனியாக வருகிற பிள்ளைக்கு வழியில் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு நல்ல மனிதர் எந்தக் காலத்திலோ செய்து வைத்த ஏற்பாடு. அந்த நல்ல மனிதரை நான் நிறையத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் நானே அந்தத் தொழிலைச் செய்தவன். ப்ளஸ் டூ படிக்கும்போதே, போனில் தடுமாறாமல் பேசுவேன் என்ற ஒரே தகுதியால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு பெரியப்பாவை ஒருமுறை, மாமியை ஒருமுறை சீரியஸ் ஆக்கியிருக்கிறேன். இருவருமே அப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. "எப்படிடா இருக்கு?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். "சீரியஸாத்தான் இருக்கு, கிளம்பி வாங்க" என்பேன். அதற்குப் பிறகு கம்பியில் ஒரு சின்ன மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில்தான் ஆள் சாவார்.

பொறியியல் மூன்றாம் ஆண்டில் நான் ஜெர்மனி போனேன். தாராளமயம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிகள்கூட வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கைகுலுக்கும் படத்தை வரவேற்பறையில் மாட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரி ஒப்பந்தப்படி ஒரு செமஸ்டருக்கு இங்கிருந்து ஒரு மாணவன் அங்கே போக வேண்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வர வேண்டும். நான் போனேன். அங்கிருந்து யாரும் வரவில்லை. பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து எனக்குப் பொருள் தெரியாது.

படிக்கப் போனது நீரியல். எங்கள் நிலம் கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்தது. மேலே இருக்கிற எல்லோரும் குடித்து மிச்சம் வைத்ததுதான் எங்களுக்குத் தண்ணீர். அதனால் தண்ணீரைப் பற்றி உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் தனக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது என்ற எண்ணம் அப்பாவுக்கு இருந்தது.

"தண்ணியப் பத்திப் படிக்க அவ்வளவு தூரம் எதுக்குடா? மேட்டூருக்கு பஸ் இல்லையா?" என்றார்.

என்னிடம் அப்படிச் சொன்னவர் டீக்கடையில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. "நம்ம பய திரும்பி வந்தான்னா ஷட்டர் எப்பத் தெறக்கணும்னு அவன்தான் அதிகாரிக்கே சொல்லுவான்" என்றாராம். அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவனைப் பாராட்ட மாட்டார். அங்கே இல்லாதவனைத்தான் பாராட்டுவார். நான் இல்லாதவனாக ஆறு மாதம் இருந்தேன்.

போய்ச் சேர்ந்த ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர். மாலை நாலு மணிக்கு இருட்டு. ஓடிக்கொண்டே இருக்கிற ஓர் ஆறு. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஊரில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்தவர் ஒரே ஒருவர். ஆசிய மளிகைக் கடை ஒன்றில் சரக்கு அடுக்குகிற கூத்தாநல்லூர்க்காரர். துபாயில் பத்து வருடம் இருந்துவிட்டு எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தார். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான் என்று தெரிந்ததும், கடையில் கெட்டுப்போகும் நிலையில் இருந்த முருங்கைக்காயை எல்லாம் எனக்கே கொடுத்தார். நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருந்தது. இரண்டு பரீட்சை பாக்கி. ஒருநாள் காலையில் விடுதித் தாழ்வாரத்துப் போன் அடித்து, என் பெயரை ஜெர்மன் வாயில் நொறுக்கிக் கூப்பிட்டார்கள். பேசியது அத்தான், அக்காவின் கணவர்.

"மாப்ள, மாமா சீரியஸா இருக்காங்க. கிளம்பி வா."

"என்ன ஆச்சு?"

"சீரியஸ் மாப்ள. நீ கிளம்பி வா, நேர்ல பேசிக்கலாம்."

லைன் அறுந்துவிட்டது. அறுந்ததற்கும் எனக்கு அர்த்தம் இருந்தது. நானும் அப்படித்தான் வைத்துவிடுவேன். மேலே கேள்வி வருவதற்குள் வைத்துவிட வேண்டும்.

தாழ்வாரத்தில் நின்றேன். நான் மற்றவர்களுக்குக் கொடுத்த அந்தச் சின்ன மௌனம் எனக்கு வந்தது. அதில் அப்பா செத்துப்போனார்.

நேராக பாயிடம் போனேன். பாஸ்மதி மூட்டை மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சீரியஸ்னா சொன்னாங்க?"

"ஆமா பாய்."

"வேற வார்த்தை எதுவும் சொல்லலையா? ஆஸ்பத்திரி, டாக்டர், அந்த மாதிரி?"

"நேர்ல பேசிக்கலாம்னாரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க அத்தா, அதான் அப்பா, அவருக்கும் துபாய்க்கு இப்படித்தான் சேதி வந்துச்சு தம்பி. அடிச்சுப் புடிச்சுப் போயி எறங்குனா, அடக்கம் பண்ணி மூணு நாளு. நம்ம பக்கம் வேற எப்படிச் சொல்லுவாங்க?"

எங்களுக்குள் மதம் வேறு, வணங்கும் திசை வேறு. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பேரிடமும் ஒரே அகராதி இருந்தது.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அம்மாளிடம் போய், என் தந்தை காலமாகிவிட்டார், டிக்கெட் தேதியை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

எப்போது இறந்தார் என்று கேட்டார். அது சொல்லவில்லை என்றேன்.

எதனால் என்று கேட்டார். அதுவும் சொல்லவில்லை என்றேன்.

அப்படியானால் சரியாக என்னதான் சொன்னார்கள் என்று கேட்டார். சீரியஸாக இருக்கிறார் என்று சொன்னார்கள் என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். சீரியஸ் என்றால் உயிரோடு இருக்கிறார் என்றல்லவா பொருள் என்று, ஆங்கிலம் சரியாகத் தெரியாத பையனிடம் பேசுகிற பொறுமையோடு கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று ஒரு சிறிய விரிவுரையே ஆற்றினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த போனை என் பக்கம் திருப்பினார். இப்போதே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று, என்றார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தால் கூப்பிட்டு விடுவார்கள். அத்தான் வந்தார். பின்னணியில் ஒரு பெண் ஓங்கி அழுதுகொண்டிருந்தாள்.

எதிரில் அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோட இருக்காரா என்று கேட்க வாயைத் திறந்தேன். பெற்ற அப்பனைப் பற்றி, எழவு வீட்டில் நிற்கிற அத்தானிடம் அதை எப்படிக் கேட்பது?

"இப்ப எங்க அத்தான் இருக்காரு?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு மாப்ள."

"அம்மா?"

"அவங்கதான் சாப்பிடவே மாட்டேங்கறாங்க. சொந்தக்காரங்கள்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

"எனக்கு ரெண்டு பரீட்சை இருக்கு அத்தான். முடிச்சிட்டு வந்தா பரவாயில்லையா? எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குவீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாங்க பாத்துக்கறோம் மாப்ள. அவ்வளவு தூரம் போயிட்டு எழுதாம வந்தா மாமாவுக்கே புடிக்காது. முடிச்சிட்டே வா."

போனை வைத்தேன். கேட்டீர்களா என்றார் அந்த அம்மாள். கேட்டேன், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது நல்ல செய்திதானே என்றார். எனக்குக் கோபம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவது நல்ல செய்தியாக இருக்கிற நாட்டில் பிறந்தவரிடம் மேலே என்ன பேசுவது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பேச்சை வரிவரியாக நினைத்துப் பார்க்கிறேன். பாதி உலகம் சுற்றி வந்த கம்பியில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் கருமாதியைப் பற்றிப் பேசினேன். அவர் மருந்து மாத்திரையைப் பற்றிப் பேசினார். எடுத்துவிடலாமா, நீ வரும்வரை வைத்திருக்கலாமா என்று ஒரே மகனிடம் அவர் கேட்கவே இல்லை. இறந்த வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி அது. அதையும் நான் கவனிக்கத்தான் செய்தேன். வர முடியாதவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார் என்று, அவருக்காக நானே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா செத்துப்போனது எனக்கு வசதியாக இருந்தது. உயிரோடு கிடக்கிறார் என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பரீட்சை போகும், செமஸ்டர் போகும், வெளியே வந்துவிட்டால் மறுபடி விசா கிடையாது. செத்துப்போனவர் அவசரப்படுத்த மாட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய் நின்றால் போதும். பரீட்சை ஒன்பதாம் நாளும் பதினோராம் நாளும். பன்னிரண்டாம் நாள் விமானம். கணக்கு இவ்வளவு அழகாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இடையில் ஒருதரம்கூட நான் போன் செய்யவில்லை. அம்மா அழுவதைக் கேட்கத் தைரியம் இல்லை. தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்தேன், உப்பில்லாமல் சாப்பிட்டேன், திறந்த வாய்க்கால்களில் நீரோட்டம் பற்றிப் படித்தேன். கால்வாயின் கடைசி மதகைத் திடீரென்று மூடினால் அலை எவ்வளவு வேகத்தில் பின்னோக்கிப் போகும் என்று ஒரு கேள்வி வந்தது. நன்றாக எழுதினேன். தகப்பனை இழந்தவன் என்று பேராசிரியருக்குத் தெரிந்திருந்ததால் அரை மணி கூடுதலாகக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த மறுநாள், விமானத்துக்குச் சில மணி நேரம் முன்பு, பாயின் கடைக்குப் பின்னால் சரக்கறையில் உட்கார்ந்தேன். கொள்ளி வைக்காத மகன், மொட்டையாவது போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைய வேண்டாமா? முதல் நாளே போட்டிருக்கலாம்தான். மொட்டைத் தலையோடு வகுப்பில் உட்கார வெட்கமாக இருந்தது. துக்கத்தையும் நான் பரீட்சை அட்டவணைப்படிதான் வைத்துக்கொண்டேன்.

பாய் தன் மிஷினால் தலையை முடித்துவிட்டு ரேசரை எடுத்தார். மேல் உதட்டில் சோப்பைத் தடவிவிட்டு நிறுத்தினார்.

"மீசையுமா தம்பி?"

"அதுதான் பாய் முக்கியம். எங்க பக்கம் அப்பா இருக்கறவரைக்கும் மீசைய எடுக்க மாட்டோம்."

"நல்லா யோசிச்சுக்க."

"எடுங்க பாய்."

எடுத்தார். கண்ணாடி காட்டினார். அதில் மேல் உதடு மட்டும் வெளுத்துப்போன ஒரு முட்டாள் இருந்தான்.

பதினான்காம் நாள் காலையில் கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கி, குடவாசல் பஸ்ஸைப் பிடித்து, எங்கள் ஊர் விலக்கில் இறங்கி நடந்தேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் வைக்கோல் காய்ந்தது. எதிரில் வந்த இரண்டு பேர் என் தலையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். அனுதாபத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வீட்டு வாசலில் பந்தல் இல்லை. பந்தல் போட்ட குழியும் இல்லை. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண் ஓங்கி அழுதுகொண்டிருந்தாள். சீரியல். அன்றைக்குப் போனில் கேட்டதும் அதே குரல்தான்.

அத்தான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டு வேகமாக என்னிடம் வந்தார்.

"மாப்ள, என்னது இது? யாரு செத்தா?"

சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அது உள்ளே கட்டிலில் படுத்திருந்தது.

அக்கா வெளியே வந்து, வாயில் அறைந்துகொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அத்தான் தோளில் கிடந்த துண்டை உருவி என் தலையில் முண்டாசாகக் கட்டினாள். "பாவி, பாவி" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அம்மா பின்னால் வந்து நின்றாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். எங்கள் வீட்டிலேயே வேகமாக யோசிக்கக் கூடியவள் அவள்தான்.

"வேண்டுதல்னு சொல்லு" என்றாள். "அவருக்கு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டு, வர்ற வழியில வைத்தீஸ்வரன் கோயில்ல எறங்கி முடி எறக்குனேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத."

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் ஒன்பது நாள் குழறலாகப் பேசிக்கொண்டிருந்தாராம். பத்தாம் நாள் இன்னொரு தடவை வந்து பேச்சும் போனது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கண் திறந்து பார்த்தார். முண்டாசைப் பார்த்தார். அம்மா சத்தமாக, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல, வேண்டுதல் கதையைச் சொன்னாள். அவர் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை மெதுவாகத் தூக்கினார். என்னைத் தொடப்போகிறார் என்று குனிந்தேன். கை என்னிடம் வரவில்லை. தன்னுடைய மீசைக்குப் போனது. நரைத்த மீசையை ஒரு விரலால் தடவிக்கொண்டே என் உதட்டைப் பார்த்தார்.

சாமிக்கு முடி கொடுக்கிறவனும் எங்கள் பக்கத்தில் மீசையை வைத்துக்கொள்வான். தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மீசைதான் அத்தாட்சி. அம்மா தலைக்குத்தான் காரணம் தயாரித்திருந்தாள். மீசைக்கு அவளிடமும் ஒன்றும் இல்லை.

"பரீட்சை நல்லா எழுதிருக்கேன்ப்பா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் கண் மூடியிருந்தது. தூங்கினாரா என்று தெரியாது. அம்மா போகும்போது திறந்திருக்கும்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். பம்பாயில் இருந்த சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டும், பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வா என்று அத்தான் என்னைத்தான் அனுப்பினார். "என்னடா சொல்ற?" என்றார் சித்தப்பா. "அப்பா செத்துப் போயிட்டாரு, சித்தப்பா" என்றேன். இப்படியா சொல்வது என்று அவர் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஒருநாள் அத்தானிடம் கேட்டேன். ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீங்க என்று.

"சீரியஸா இருக்கறவர சீரியஸ்னு சொல்லாம வேற என்ன மாப்ள சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த மனிதரை நாங்கள் எந்த வார்த்தையால் உயிரோடு வைத்திருக்க முடியும்? இருந்த ஒன்றையும் செத்தவர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டோம்.

அக்காவிடம், அந்த ஒன்பது நாளில் அப்பா என்ன பேசினார் என்று கேட்டேன். சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. நான் விடவில்லை.

"ஒண்ணும் பெருசா இல்லடா. நீ எப்ப வருவேன்னு கேட்டாரு. பரீட்சை இருக்காம், முடிச்சிட்டு வர்றானாம்னு சொன்னோம். சரி, எழுதட்டும்னாரு. பாக்க வந்தவங்ககிட்டல்லாம், பய பரீட்சை எழுதறான், அதான் வரலன்னு அவரே சொன்னாரு. ஒருநாள் மட்டும், போன் போட்டுக் குடுங்க, குரலக் கேக்கறேன்னாரு. நாங்கதான் ஒனக்குப் படிப்பு கெட்டுடும்னு வேணாம்னுட்டோம்."

உயிரோடு இருக்கும் தகப்பனை விட்டுவிட்டுப் பரீட்சை எழுதினேன் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அதை மன்னித்தும் இருந்தார்கள். அப்படி இல்லை, செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எது கேவலம் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. இரண்டில் எதையும் சொல்லாமல் வேண்டுதல் கதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கதையை அம்மா நன்றாக வளர்த்தாள். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும், ஜெர்மனியில் இருந்தாலும் என் பிள்ளை அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்குத்தான் போனான் என்பாள். கேட்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று யாராவது சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அவளைத் தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். பாபநாசம் தாண்டினோம். ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலேயே சொன்னாள்.

"தம்பி, எனக்கு சீரியஸ்னு போன் வந்தா, ஒருதரம் கேட்டுட்டு மழிச்சுக்க."